இரவல் வாங்கிய சோபா

நேற்று உலு திராமில் சாமான் வாங்கப் போன கடையில், தங்கக்கரை போட்ட பீங்கான் கோப்பைகளை மலிவு விலைக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைப்பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதே மாதிரிக் கோப்பையில் தேநீர் கொடுத்துத்தான் ஒரு தடவை என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம்தான் சொல்லிச் சிரிக்க முடியும். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

அப்போது பெர்மாஸ் ஜெயாவில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். நான் மூன்றாவது மாடி, நீ நான்காவது. ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலை, ஒரே பஸ், லைனிலும் பக்கத்துப் பக்கத்து இடம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டது என்னைவிட உனக்குத்தான் முதலில் தெரியும். சொல்ல மனம் வராமல் ஒரு வாரம் தினமும் காலையில் எனக்கு நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாய். "என்னடி, லாட்டரி நம்பர் அடிச்சிருச்சா?" என்று கேட்ட மக்கு நான்.

அவர் பணம் அனுப்புவது நின்றதும் சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளை பார்க்கும் வீட்டில் விட என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த பெரியவள் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "நான் ஸ்கூல்லேர்ந்து நின்னுக்கிறேம்மா. தம்பிய நான் பாத்துக்கிறேன்." நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதக் கடைசி வரைக்கும் பார்ப்போம் என்றேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கொதித்தது நீதான். "பைத்தியமாடி உனக்கு? உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான கவர்மெண்டு உதவின்னு ஒண்ணு வச்சிருக்காங்க? மனு போடு லா!"

போட்டோம். வீடு பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது. நீ ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவள். நானும் அப்படித்தான். கணக்கெழுதும் கிராணி வந்தாலும் நர்ஸ் வந்தாலும், பக்கத்து வீட்டில் சீனி கேட்டாவது காப்பி கலக்கிக் கொடுத்த குடும்பங்கள் நம்முடையவை. ஆள் வருகிறார் என்றால் நமக்குக் கை சும்மா இருக்காது. உன் வீட்டு சோபாவைப் படி வழியாக இறக்கினோம், லிப்ட் அன்றைக்கும் கெட்டுக் கிடந்ததால். உன் கல்யாணத்துக்கு வந்த தங்கக்கரைக் கோப்பைகளை நீயே கழுவித் துடைத்தாய். உன் மேசை விசிறி வந்தது, பூப்போட்ட மேசை விரிப்பு வந்தது. "வெறுங்கழுத்தோட நிக்காதடி, நல்லா இல்ல" என்று உன் கவரிங் சங்கிலியையும் எனக்குப் போட்டுவிட்டாய்.

வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மாள். சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தார், முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார், சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டார். வீட்டை அழகாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டிவிட்டுப் போனார். நாம் இரண்டு பேரும் பூரித்துப்போனோம்.

சில வாரத்தில் கடிதம் வந்தது. குடும்பம் போதிய வசதியோடு இருப்பதால் உதவி தேவைப்படவில்லையாம். பஸ்ஸில் நீ அதை இரண்டு தடவை படித்தாய். "அலமாக்!" என்று தலையில் கை வைத்தாய், பிறகு சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில், எல்லாம் உன் சோபாவால் வந்த வினை என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ கடிதத்தை மடித்து உன் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

மறுநாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாய். கூடம் நிறைய ஆட்கள். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நம் நல்ல நேரம், முகப்பில் அதே அம்மாள். "சோபா இத்து சாயா புன்யா, புவான்" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாய். அந்த சோபா என்னுடையது. கோப்பை என்னுடையது, விசிறி என்னுடையது, இவள் போட்டிருந்த சங்கிலியும் என்னுடையது, அதுவும் தங்கம் இல்லை என்று மலாயில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாய். எனக்கு மானம் போனது. கடைசியில் நீ கேட்டாய், நோன்புப் பெருநாளுக்கு ஆள் வந்தால் நீங்கள் கிழிந்த பாயிலா உட்கார வைப்பீர்கள் என்று.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மறுபடி வருகிறேன், இந்தத் தடவை எதையும் இரவல் வாங்காதே என்றார்.

அவர் வந்த அன்று நீ காலையிலிருந்தே எனக்குக் காவல் இருந்தாய். அவர் பாயில் உட்கார்ந்தார். பெரியவளின் பள்ளிப் புத்தகங்கள் கயிறு போட்டுக் கட்டி மூலையில் இருந்ததைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன். என் நிலைமையை உள்ளது உள்ளபடி வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் திக்கித் திணறி முடிக்கும்வரை நீ குறுக்கே பேசாமல் இருந்தாய். உன் வாய்க்கு அது பெரிய காரியம்.

உதவி கிடைத்தது. பெரிய தொகை இல்லை, சின்னவனைப் பிள்ளை பார்க்கும் வீட்டில் விடப் போதுமாக இருந்தது. பெரியவள் புத்தகக் கட்டை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு நீ மாடிப்படியில் போய் நின்று அழுதாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய்.

முழு நாளும் உழைக்கிற ஒருத்தி, தன் சம்பளம் பற்றவில்லை என்று வீட்டைத் திறந்து காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன்னிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். "கோவத்தையும் வச்சுக்க, மனுவையும் போடு" என்பாய். இப்போது லைனில் யாராவது பிள்ளையை விட இடமில்லை என்று முனகினால், நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போகிறேன். உன்னைப் போல் கத்த வராது. பக்கத்தில் நிற்கிறேன்.

பெரியவள் படித்து முடித்து நல்ல வேலையில் இருக்கிறாள். போன மாதம் முதல் தடவையாக அவள் சம்பளத்தில் வருமான வரி பிடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கைப்பையைப் போட்டுவிட்டு, "அநியாயம்மா! மாடா உழைக்கிறது நானு, சும்மா இருக்கிறவங்களுக்குத் தூக்கிக் குடுக்கிறாங்க" என்றாள்.

"நம்ம வீட்டுல யாருடி சும்மா இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப நமக்குக் குடுத்தாங்களே, அது யாரோட சம்பளம்மா?"

"யாருக்குத் தெரியும்? உன்ன மாதிரியே யாரோ ஒருத்தர் மொனகிக்கிட்டே குடுத்திருப்பாங்க."

அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. உன் பெயர் தெரியும். விளக்கு வைக்கும்போது இரண்டு பேருக்கும் சேர்த்தே கும்பிடுகிறேன்.