கன்னம் மாறிய மச்சம்

அன்புத் தங்கைக்கு,

உன் மகள் லிகாயாவின் ஏழாவது பிறந்தநாளுக்கு நீ கேட்ட தலையணையைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஹாங்காங்கிலிருந்து நீ அனுப்பிய உன் போட்டோவைத்தான் அதில் பதித்தேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. சூட்டில் அழுத்தும்போது படம் துணியில் திரும்பி விழும். அதனால் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனேன். உன் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது.

வேறு துணி எடுக்கலாமென்றுதான் இருந்தேன். அதற்குள் உன் கணவர் ரோமெல் பார்த்துவிட்டு, "அப்படியே அவள உரிச்சு வெச்சிருக்கு, கண்ணு!" என்றார். உன்னோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்திய மனுஷன்!

சரி, மகளாவது கண்டுபிடிப்பாள் என்று அவளிடம் நீட்டினேன். பிறந்தநாள் பான்சிட் நூடுல்ஸை மென்றுகொண்டே பார்த்தாள்.

"ஹாங்காங் அம்மா நல்லா இருக்காங்க. உன் மூஞ்சிய எப்ப போட்டுத் தருவே, அம்மா?"

அதனால் நான் எதையும் மாற்றவில்லை. உன் மச்சம் எந்தப் பக்கம் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவசரமில்லை, மெதுவாக வா.

நேற்று லிகாயாவுக்கு என் முகத்தைப் பதித்துக் கொடுத்தேன். இந்த முறை மாற்றிப் போட மறக்கவில்லை.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா