தூங்குறவர் காலைத் தாண்டாத மனுஷனுக்கு

மாதவி அப்பாவுக்கு,

கூழ் அடுப்பு மேல கீது, மோர் ஊத்திக் கரைச்சுக் குடிங்க. சாவி ஆணியில. நான் உத்திரமேரூர் டிக்கெட் கடைக்குப் போறேன்.

கனடாவுல இருந்து வந்து எறங்கினதும் கெண்டைக்கால் பிடிச்சுக்கினு நீங்க கத்தின கத்தலுக்குத் தெருவே கூடிடுச்சு. இப்போ, மாதவி பிரசவத்துக்கு நான் அங்க போவக் கூடாதாம், என் காலும் போயிடுமாம். தப்பு விமானத்து மேல இல்ல. ஜன்னலோரமா பதினாலு மணி நேரம் எழுந்திரிக்காம உக்காந்தது நீங்க. கேட்டா, பக்கத்துல ரெண்டு பேர் தூங்கினாங்க, காலைத் தாண்டினா அவங்க வளர மாட்டாங்கன்றீங்க. எழுந்திரிக்கக் கூடாதுன்னு தண்ணியும் குடிக்கல.

நான் செங்கல் சூளையில கல்லு அறுத்து வளந்தவ. குந்தியே இருந்தா கால் மரத்துடும்னு மணிக்கொரு தரம் எழுந்து நடப்போம், பாதத்தை மடக்கி நீட்டுவோம், தண்ணி குடிப்போம். விமானத்துலயும் அதான் பண்ணுவேன். நடக்குற வழி ஓரமா சீட்டு கேக்கத்தான் இப்போ போறேன்.

படுத்தே கெடக்காதீங்க, வாசல் வரைக்கும் நடங்க. மறுபடி பிடிச்சா பாத நுனியை உங்க பக்கமா இழுங்க. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடா இருந்தா தேய்க்காதீங்க, உடனே போன் பண்ணுங்க. அது ஆஸ்பத்திரி விஷயம்.

ரத்னா

மறந்துட்டேன்: காலையில நீங்க தூங்குறப்போ ரெண்டு கெண்டைக்காலையும் நூல் வச்சு அளந்துட்டேன். ஒரே அளவுதான், பயப்படாதீங்க. அதுக்கு உங்களைத் தாண்ட வேண்டியதாப் போச்சு. அறுபது வயசுல இனிமே வளந்து இன்னா பண்ணப் போறீங்க.