அறுபத்திநாலு வரைக்கும் தாரிணி

2025 ஜூலை 9, புதன்

மடிக்கிற போன் வந்துருச்சு. ஜனவரியில பேர் கொடுத்து வச்சது. அப்போ தாரிணி இருந்தா. "மடிச்சு என்ன பண்ணுவ, பீரோல வைப்பியா?"ன்னு கேட்டா.

ஸ்க்ரீன் மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க உரிக்கும்போது ஒரு சத்தம் வரும். அதுக்காகவே வாங்குறவன் நான். இன்னிக்கு உரிச்சேன். சத்தம் வந்துச்சு. அவ்ளோதான்.

டப்பாவ லாஃப்ட்ல போட்டேன். வாங்கின எல்லாத்தோட டப்பாவும் அங்கதான் இருக்கு. டப்பா இருந்தாதான் பழசுக்கு விலை. "நான் செத்தா என்னையும் டப்பாவோட வித்துரு"ன்னு ஒரு தடவை சொன்னா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பிப்ரவரியில தலைவலின்னு படுத்தா. மூளைல ஏதோ ரத்தக்குழாய் வெடிச்சுதாம்.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை வந்தாங்க. தாரிணியோட அம்மா. மாரேட்பள்ளில தனியா இருக்காங்க. போனாலு திருவிழா கூட்டத்துல இடிபட்டு, மெட்ரோ புடிச்சு, கேரியர தூக்கிட்டு பேகம்பேட் வரைக்கும்.

"சாப்புடுங்க மாப்ளே."

"அப்புறம் சாப்பிடறேன் அத்தை."

"அப்புறம் எல்லாம் நக்கோ. இப்போ."

அவங்க 'நக்கோ'ன்னா வேண்டாம்னு அர்த்தம், ஹைதராபாத் பேச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டேன். புளிச்சக்கீரையா, சாம்பாரான்னு தெரியல. அவங்க போனதும் மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சேன். செவ்வாக்கிழமை குப்பைல போயிரும். போன வாரமும் அப்படித்தான்.

தாரிணி போன் இப்போ அவங்ககிட்ட. காரியம் முடிஞ்ச அன்னிக்கே கேட்டாங்க. "அவ பேசினது, பாடினது எல்லாம் இதுல இருக்கு. எங்கிட்ட இருக்கட்டும்." குடுத்தேன், சார்ஜரோட. டப்பாவ நான் வச்சுக்கிட்டேன். இன்னும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்றாங்க.

ஜூலை 17

வீடு கூட்டுற ரோபோ நடுக்கூடத்துல நின்னு போச்சு. பிரஷ்ல ஏதோ சிக்கியிருக்குன்னு ஆப்ல காட்டுது. கவுத்து போட்டு பாத்தா முடி. நீள முடி. கட்டிலுக்கு அடில இவ்ளோ நாளா இருந்திருக்கு. கத்திரிக்கோலால வெட்டி எடுத்தேன்.

இப்போ நல்லா ஓடுது.

ஜூலை 21, திங்கள்

ஆபீஸ்ல ஹெச்ஆர் ஹர்ஷிதா மெயில். ஜனவரியில ஆரம்பிச்ச எடை குறைக்கிற போட்டி முடியுதாம், கடைசி எடைய அனுப்பணுமாம். அப்போ பேர் குடுத்ததே மறந்து போச்சு. பாத்ரூம்ல இருக்கிற ஸ்மார்ட் தராசுக்கு புது பேட்டரி போட்டு ஏறி நின்னேன்.

62.8. "வாங்க தாரிணி! பாத்து ரொம்ப நாளாச்சு!"

இறங்கினேன். மறுபடி ஏறினேன். தாரிணிதான்.

தராசுக்கு கால் யாரோடதுன்னு தெரியாது. எடைய வச்சுதான் ஆளைக் கண்டுபிடிக்கும். வாங்கின அன்னிக்கு நான்தான் எல்லை போட்டேன். அம்பத்தெட்டுலேர்ந்து அறுபத்திநாலு வரைக்கும் தாரிணி. எழுபதுக்கு மேல நான். நடுவுல யார் வந்தாலும் 'விருந்தாளி'. சரியாதான் வேலை செய்யுது. தப்பு ஒண்ணும் இல்ல.

ஆப்ல அவளோட கிராஃப் பிப்ரவரியில நின்னிருந்துச்சு. இப்போ இன்னிக்கு ஒரு புது புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல அதுவா ஒரு நேர்கோடு போட்டு சேத்துருச்சு. நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி.

ஜூலை 22

62.6. தாரிணி.

ஜூலை 25, வெள்ளி

போட்டியில நான்தான் ஃபர்ஸ்ட். மாதாப்பூர் ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வச்சு கை தட்ட வச்சா ஹர்ஷிதா. "பிரசன்னா, உங்க சீக்ரெட் என்ன? ஷேர் பண்ணுங்க!" பாவம், ஏப்ரல்ல சேந்தவ, தெரியாது. "டின்னர் கட்"னேன். மறுபடி கை தட்டல். பக்கத்து சீட் நூர் முகமது மட்டும் தட்டல.

பரிசு, ஏர் ஃப்ரையர். எண்ணெய் இல்லாம பொரிக்குமாம்.

லிஃப்ட்ல நூர் புடிச்சுக்கிட்டான். வாணியம்பாடிக்காரன், வாய் சும்மா இருக்காது. "டேய், பெல்ட்டுல நீயா ஓட்ட போட்டிருக்க? ஆணி வச்சு அடிச்சியா? செருப்பு தைக்கிறவன்கிட்ட போயிருந்தா ஒழுங்கா போட்டிருப்பான்."

"ஸ்க்ரூ டிரைவர்."

"அதானே. இன்ஜினியரு." அப்புறம் குரலை இறக்கி, "செத்துருவடா நாயே. வா, பிரியாணி சாப்பிடலாம்."

போனேன். அவன் சாப்பிட்டத பாத்துட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை வந்தாங்க. இன்னிக்கு ஒரு மாதிரி இருந்தாங்க. கேரியர மேஜைல வச்சாங்க, தொறக்கல. "சாப்புடுங்க"ன்னு சொல்லவும் இல்ல.

"தெனம் ஏழு மணிக்கு எந்திரிச்சுடறீங்க போல."

"ஆமா. எப்படி தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

பாத்ரூம் போனவங்க ரொம்ப நேரம் வரல. வந்து, கேரியர எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்க. கொண்டு வந்த சாப்பாட்ட அப்படியே திருப்பி எடுத்துட்டு போறவங்கள இன்னிக்குதான் பாக்கறேன்.

சாயங்காலம் ஆப்ல பாத்தா, என் பேர்ல 72.4னு ஒரு புள்ளி. மதியம் பதிவாயிருக்கு. நான் ஏறவே இல்ல. சென்சார் கோளாறு. கம்பெனிக்கு எழுதணும்.

ஆகஸ்ட் 3

அத்தை வரல. முட்டி வலியாம்.

ஆகஸ்ட் 6, புதன்

நேத்து நூர் பொறந்த நாள். எல்லார் முன்னாடியும் வாயில திணிச்சான். காலைல ஏறினா 64.3. "விருந்தாளி, வாங்க."

என் வீட்டுல, என் பாத்ரூம்ல, நான் விருந்தாளி.

அது கூட பரவாயில்ல. அவ கிராஃப்ல இன்னிக்கு புள்ளி இல்ல. அந்த காலி இடத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆபீஸ் வண்டி போயிருச்சு.

இன்னிக்கு முழுக்க டீ மட்டும்.

ஆகஸ்ட் 7

63.5. தாரிணி. அப்பாடா.

எல்லைய மாத்திரலாமே, அறுபத்திநாலுக்கு பதிலா எண்பதுன்னு போட்டுக்கலாமேன்னு தோணுச்சு. அதுக்கு அவ போன்ல ஓகே குடுக்கணும். அது கெடக்கட்டும். மாத்தினா பொய்யாயிரும். டெஸ்டிங் பண்றவன் நான், ரூல மாத்தி பாஸ் வாங்க மாட்டேன். எடைய பாத்து அதுவா 'தாரிணி'ன்னு சொல்லணும். அப்போதான் அது... என்ன? அப்போதான் அது என்ன?

தெரியல. எழுத வரல.

ஆகஸ்ட் 10

அத்தை இன்னிக்கும் வரல. போன்ல நல்லாதான் பேசுறாங்க. சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேக்கறதில்ல. கோவமோ? இருக்கட்டும். வீணாக்க வேண்டிய சாப்பாடு மிச்சம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திண்டுக்கல்லேர்ந்து அம்மா, வீடியோ கால்ல. யாரோ விசாரிச்சாங்களாம், ரெண்டாந்தாரம்னாலும் பரவாயில்லையாம். "கன்னம் ஒட்டிப் போய் கெடக்கு. ரெண்டு மாசம் நல்லா சாப்ட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புப்பா."

61.9. தாரிணி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விழுந்துட்டேன். அமீர்பேட் மெட்ரோ படிக்கட்டுல. கண்ணு இருட்டுச்சு, அவ்ளோதான் ஞாபகம். கண்ண தொறந்தா சுத்தி கால்கள். கோச்சிங் கிளாஸ் பசங்களோட பைகள். ஒருத்தன் தெலுங்குல "தாகுபோத்து"ன்னு சொல்லிட்டு தாண்டி போறான். குடிகாரனாம்.

புது போன் மடிப்புல ரெண்டா ஒடஞ்சு கெடந்துச்சு. கைல வாட்ச் மட்டும் அதிருது. அதுல தனி சிம் இருக்கு. 'நீங்கள் விழுந்ததுபோல் தெரிகிறது.' பட்டனை அழுத்தி நிறுத்தணும். விரல் வரல. அழுத்தலேன்னா அதுவா அவசரத்துக்கு குடுத்து வச்ச நம்பருக்கு கூப்பிடும்.

'தாரிணியை அழைக்கிறது.'

அத்தனை சத்தத்துலயும் ரிங் போறது கேட்டுச்சு. எடுத்துட்டாங்க. மொதல்ல மூச்சு மட்டும். அப்புறம், "மாப்ளே? மாப்ளே, எங்க இருக்கீங்க?"

ஒரு நொடி... வேண்டாம். அதை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 20, புதன்

நேத்து யாரோ ரெண்டு பேர் ஆட்டோல ஏத்தி விட்டாங்க. அத்தைகிட்ட வீட்டுக்கு போறேன்னு மட்டும் வாட்ச்ல சொன்னேன். வந்து படுத்தவன்தான். காலைல அத்தை வந்து நின்னாங்க. முட்டி வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, மூணு மாடியும் படியேறி. லிஃப்ட் வர்ற வரைக்கும் பொறுக்கலையாம்.

"சாப்ட்டு எத்தனை நாளாச்சு?"

"சாப்பிடறேனே அத்தை."

"பொய் நக்கோ."

தாரிணி போன எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. 'தாரிணி இன்று எடை பார்த்தார்.' 'தாரிணி இன்று எடை பார்த்தார்.' தள்ளத் தள்ள வருது. எல்லாம் காலைல ஏழு, ஏழேகால். ஒண்ணக்கூட அழிக்கல.

ஒரு மெசேஜ் எங்கெல்லாம் போகும்னு சோதிச்சு பாக்கறதுதான் எனக்கு சம்பளம் வர்ற வேலை. இதை நான் யோசிக்கவே இல்ல.

"மொத நாள் ஒரு நிமிஷம் நெஜம்னே நெனச்சேன். பால் பொங்கி வழியுது, அடுப்ப அணைக்கத் தோணல. அப்புறம் புரிஞ்சுது. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. அந்த ஞாயித்துக்கெழம வந்து நானே ஏறிப் பாத்தேன். உங்க பேர சொல்லி எனக்கு வணக்கம் போட்டுச்சு."

72.4. சென்சார் நல்லாதான் இருக்கு.

"தெரிஞ்சப்புறம் ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க."

"அப்போ முட்டி வலி..."

"முட்டிக்கு என்ன கேடு. சாப்பாடு கொண்டாந்தா நீங்க சாப்பிடுவீங்க. சாப்ட்டா உடம்பு ஏறும். உடம்பு ஏறினா..." போனைக் காட்டினாங்க. "அதான் வரல."

எனக்கு கோவம் வரும்னு காத்திருந்தேன். வரல. அவங்க என்னை பட்டினி போட்டிருக்காங்க. நானும் என்னை பட்டினி போட்டிருக்கேன். ரெண்டு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ண மாதிரி.

"பெத்தவ நான்"னாங்க. அழுகை இல்ல, கரகரன்னு இருந்துச்சு குரல். "தெனம் காலைல எம் பொண்ணு பேரு வரும்னா, இன்னொருத்தி பெத்த புள்ள காஞ்சு போகட்டும்னு விட்டேன். அதுக்கு என்ன பேருன்னு எனக்கே தெரியும், நீ சொல்ல வேணாம். நேத்து இதே போன்ல ஒரு மெஷின் பேசுது, விழுந்துட்டாருன்னு. இந்த போன்ல இன்னொரு சாவு சேதி நான் கேக்க மாட்டேன்டா. எந்திரி. வந்து உக்காரு."

நீங்க, மாப்ளே எல்லாம் போய் 'டா' வந்துருச்சு. அவங்க கவனிக்கல.

ஃப்ரிட்ஜ்ல ஒரு எலுமிச்சையும், பேட்டரி பாக்கெட்டும்தான். கீழ கடைக்கு போய் எல்லாம் வாங்கிட்டு வந்து ரசம் வச்சாங்க. எண்ணெய் வாங்க மறந்துட்டாங்க. ஆபீஸ்ல கை தட்டி பரிசா குடுத்தாங்கன்னு சொல்லி ஏர் ஃப்ரையர காட்டினேன். அப்பளத்த உள்ள போட்டதும் காத்துல பறந்து மேல கம்பில போய் ஒட்டிக்கிச்சு. வீடெல்லாம் கருகல் நாத்தம். கருப்பு வட்டத்த கரண்டியால சுரண்டி எடுத்துக்கிட்டே கேட்டாங்க: "இதுக்கா ஊரே கை தட்டுச்சு?"

சிரிச்சுட்டேன். சிரிச்சதுல வாயில இருந்த ரசம் மூக்குல ஏறிருச்சு.

கொஞ்ச நேரத்துல எல்லாம் வாந்தி. தொடச்சிட்டு, வேற தட்டுல மறுபடி போட்டாங்க. நான் முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கல.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருவெல்லாம் மேளம். அத்தை இங்கயே தங்கிட்டாங்க, ஹால்ல படுக்கை. ரோபோவ மட்டும் பாத்தா பயம், கால தூக்கிக்கிறாங்க.

63.8. தாரிணி. ஹால்ல டிங்னு சத்தம். வெளிய வந்தப்போ அத்தை போன மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் வேணும்னா நாளைக்கு ஒரு வேளைய கொறச்சுக்கலாம். அவங்க வேணும்னா ஒரு கரண்டி கம்மியா போடலாம். ரெண்டு பேருக்கும் தெரியும்.

மதியம் கொழுக்கட்டை. தட்டு நிறைய வச்சாங்க. ஒண்ண திருப்பி எடுத்தாங்க. மறுபடி வச்சாங்க. நானும் தின்னேன்.

ஆகஸ்ட் 29

64.4. விருந்தாளி.

ஹால்ல சத்தம் இல்ல. "இன்னிக்கு வரல"ன்னாங்க. "ஆமா அத்தை"ன்னேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

66.1. விருந்தாளிதான் இன்னமும். நான் மறுபடி நானாகணும்னா எழுபது வேணும். ரொம்ப தூரம்.

அத்தை தோசைக்கல்லு முன்னாடி நின்னுக்கிட்டே போன நீட்டினாங்க. 'தாரிணி, சில நாட்களாக உங்களைக் காணவில்லை! எடை பார்க்க நினைவூட்டலாமா?' கீழ ரெண்டு பட்டன். 'நாளைக்கு.' 'வேண்டாம்.'

"இதுக்கு என்ன அழுத்தறது?"

"நீங்களே அழுத்துங்க."

தோசை தீயுற வாசனை வந்துச்சு. அவங்க பாக்கல. ரொம்ப நேரம் கழிச்சு 'நாளைக்கு'ன்னு அழுத்தினாங்க.

அப்புறம் தீஞ்சத எடுத்து தன் தட்டுல போட்டுக்கிட்டு, எனக்கு புதுசா ஒண்ணு ஊத்தினாங்க.