வட்டவளையில் நின்ற வண்டி

இன்று காலை உன் மழைக்கோட்டை வெளியே எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் விடாத மழை. கூரைத் தகடு ஒழுகி அலுமாரிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கியதால், அதை நகர்த்த உள்ளே இருந்ததை எல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. அடித்தட்டில் உன் கோட்டு மடித்தபடி கிடந்தது. பிரித்ததும் ரப்பர் வாசமும், அதற்குள்ளே பெற்றோல் வாசமும் எழும்பின. இத்தனை மழைக்காலம் போயும் அந்த வாசம் போகவில்லை.

உன் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். என் மருமகளாக இருந்து நிறையப் பிழை பிடித்தவள் நீ. இதிலும் பிடித்துக்கொள்.

முதன்முதலில் நான் உன் வண்டியில் ஏறியது ஆசையால் அல்ல, உன்னை நிறுத்துவதற்காக. என் மகன் கட்டாருக்குப் போய்விட்டான், சின்னவள், உன் மகள், அப்போது பாலர் வகுப்பு. நீ புறக்கோட்டையில் துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதினாய். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனாய், சரி. லீவு நாளில் மலைக்கும் அதிலே போகப் போகிறேன் என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், கடலைப் பார்த்து வளர்ந்தவள், உனக்கு மலையில் என்ன வேலை?

"தனியே விடமாட்டேன். போறதென்றால் நானும் வாறேன்," என்றேன். அதோடு அடங்கிவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினாய். "ஏறுங்கோ மாமி. சாறியை நல்லாச் செருகிப்போட்டு ஏறுங்கோ."

ஒழுங்கைப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். இறங்கினால் வெட்கம் என்று இறங்காமல் இருந்தேன். அப்படியே அவிசாவளை தாண்டிவிட்டோம்.

கித்துல்கலைக்கு மேலே மழை பிடித்தது. நான் ஜெபமாலையை எடுத்து உன் முதுகுக்குப் பின்னால் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். நீ தலையைத் திருப்பாமல் சொன்னாய்: "மாமி, பிரேக் பிடிக்கிறது நான். மாதாவுக்கு ஏன் கரைச்சல் குடுக்கிறீங்கள்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிப் பயப்படுவது?

அதற்குப் பிறகு நானே கேட்டு, மலைமேல் ஹட்டன் வரைக்கும் உன்னோடு வந்தேன். பின்னால் இருப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று நீதான் காட்டினாய். வளைவில் வண்டி சாய்ந்தால் நானும் அதோடு சாய வேண்டும். பயந்து மற்றப் பக்கம் இழுத்தால் வண்டி இரண்டு பேச்சுக் கேட்டுத் தடுமாறும். "அரிசி மூட்டை மாதிரி இருங்கோ. மூட்டை யோசிக்காது," என்பாய். பனி மூடும்போது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை நம்பக்கூடாது என்பாய். அவன் பள்ளத்தில் இறங்கினால் நாமும் பின்னாலேயே இறங்குவோம். இடது பக்கத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு போனால் போதும் என்பாய். சில இடத்தில் அந்தக் கோடும் மறையும். அப்போது நான் இறங்கி, வெள்ளைத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டு ஓரமாக நடப்பேன். நீ முதல் கியரில் என் பின்னால் வருவாய். என் வாழ்க்கையில் யாருக்கும் வழி காட்டியதில்லை நான். அந்த மலையில் காட்டினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, ஒளிக்க மாட்டேன்.

பிறகுதான் உனக்கு அந்தப் புற்று வருத்தம் வந்தது. அதைப் பற்றி நிறைய எழுத எனக்குக் கை வராது. ஊசி மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி போயிற்று. அதைத் தாங்கினாய். விரல் மரத்துப் போனதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழும், விழுந்த சத்தம் கேட்டுத்தான் உனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிட்டேன். பிள்ளைக்குத் தலைபின்ன முடியவில்லை என்று ஒரு நாள் சீப்பைச் சுவரில் எறிந்தாய்.

அடுத்த சுற்று ஊசிக்கு ஆஸ்பத்திரி நாள் கொடுத்திருந்தது. அதற்கு முந்தின கிழமை நீ சொன்னாய்: "ஒருக்கா ஹட்டன் மட்டும் போட்டு வாறன், மாமி. இதுக்குப் பிறகு நான் ஓடமாட்டன் எண்டு எனக்கே தெரியும். ஒருக்கா."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய பேச்சையே பேசினேன். "தனியே விடமாட்டேன்."

சரி என்றாய்.

சின்னவளை எதிர் மாடி வீட்டு டீச்சரிடம் விட்டோம். முடி இல்லாத தலையில் ஹெல்மெட் ஆடியது. சீத்தைத் துணியை மடித்து உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிவிட்டேன். நேர் ரோட்டில் நீ பழையபடிதான் ஓடினாய். களனிப் பக்கம் ஆறு கலங்கி ஓடியது. அவிசாவளையில் தூறல். கினிகத்தேனை ஏற்றத்தில் மழை சரிந்து விழுந்தது. வட்டவளையை நெருங்கியபோது பனி வந்து, ரோட்டையும் தேயிலையையும் ஒன்றாக மூடிப்போட்டது.

ஒரு கூர் வளைவு. எதிரே பஸ் வருவது தெரியவில்லை, ஹோன் சத்தம்தான் வந்தது. பிறகு இரண்டு மஞ்சள் விளக்கு, நம்முடைய பாதியில். நீ காலால் பிரேக்கை அமுக்கினாய். பின் சில்லு வழுக்கியது. நான் மூட்டை போல இருந்தேன், அசையவில்லை. பஸ் எங்கள் மேல் சேற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. முன் சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானின் விளிம்பில் முட்டி நின்றது. கானுக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. கீழே எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

நீ இறங்கவில்லை, திரும்பவுமில்லை. மெதுவாகக் கேட்டாய்:

"மாமி, என்ர வலக்கை விரல் பிரேக்கில இருக்குதோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

நான் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். விரல்கள் பிரேக்கில் இல்லை. அதற்கு மேலே, காற்றைப் பிடித்தபடி இறுக மடிந்திருந்தன.

"இல்லை," என்றேன்.

"பிடிச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சனான்," என்றாய்.

வண்டியை உருட்டிக்கொண்டு மேலே நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை, வாசலில் ஒரு லொறி. கடைக்காரர் என் நனைந்த சாறியைப் பார்த்து, "அம்மே, தே பொன்ன," என்று தேத்தண்ணி குடிக்கச் சொல்லி, நாங்கள் கேட்காமலே இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். உன் கிளாஸை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். லொறிக்காரப் பொடியன் வண்டியையும் உன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். "மெஹெம யன்ன பே, அக்கே," என்றான். இப்படிப் போக முடியாது என்று சொல்வது, சிங்களம் தெரியாதவருக்கும் அவன் முகத்தைப் பார்த்தால் விளங்கும். நுவரெலியாவில் சாமான் இறக்கிவிட்டு வெறும் லொறியாகக் கொழும்புக்குப் போகிறானாம், வண்டியை ஏற்றிக்கொண்டு போகலாம் என்றான்.

நீ மேலே போகிற ரோட்டைப் பார்த்தாய். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உன்மேல் அல்ல, அந்தப் பனிமேல். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ஹட்டன் பக்கத்தில்தானே? நான் முன்னால் நடக்கிறேன். நீ உருட்டிக்கொண்டாவது வா," என்றேன்.

"தனிய வந்திருந்தா ஏறியிருப்பன், மாமி."

"அப்ப ஏறு. நான் என்ன, பாரமா?"

"ஓம். பாரம்தான்." நீ சிரிக்கவில்லை. "எனக்கு என்ன நடக்கப்போகுது எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. சின்னவளுக்கு இனி நீங்கள்தான். அவளுக்கு இஞ்ச இருக்கிற ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திக்கொண்டு வந்திருக்கிறன். எனக்கென்ன விசரோ?"

வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. அன்றைக்கு உன் பேச்சுக்கு இருக்கவில்லை.

பொடியனும் கடைக்காரரும் பலகை வைத்து வண்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். முடிச்சை நீயே போடப் பார்த்தாய். விரல் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டாய்.

முன் சீட்டில் பொடியனுக்குப் பக்கத்தில் நான், ஜன்னலோரம் நீ. நீ ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் முன்கண்ணாடியையும் முகத்துக்கு மேல் இறக்கிவிட்டாய். "ஏன் அக்கே, என் ஓட்டத்துக்கு அவ்வளவு பயமா?" என்று அவன் சிங்களத்தில் பகிடி விட்டான். நீ தலையை மட்டும் ஆட்டினாய். கினிகத்தேனை போயிற்று, கித்துல்கலை போயிற்று, அவிசாவளையில் வெயிலே வந்துவிட்டது. கொழும்பு வந்து சேரும் மட்டும் நீ அந்தக் கண்ணாடியை உயர்த்தவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

மருந்து கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீ இருக்கவில்லை. கடைசிக் கிழமையில் மலையைப் பற்றி ஒரு பேச்சும் நீ எடுக்கவில்லை. என் பிரஷர் மருந்தைப் பற்றித்தான் கேட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "மாமி, குளிசை போட்டீங்களோ?"

வண்டியை மகன் வந்தபோது விற்றுவிட்டான். நான் தடுக்கவில்லை.

இப்போது உன் மகள் என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பம்மா, ஏன் முட்டைக் கூடை கொண்டு போற மாதிரி நடக்கிறீங்க? ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை!" ஒழுங்கையிலும் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் மலை ஏறின கிழவி, இப்போது வாசல் படி இறங்கவே பயப்படுகிறாள் என்று. முந்தி என்றால் அப்படிச் சொன்னவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பயம் இல்லை என்று உனக்குத் தெரியும். சாகப் பயந்த ஆள் நான் இல்லை. ஆனால் இந்த உடம்புக்காக நீ ஹட்டனை விட்டுக்கொடுத்தாய். இதைப் பிள்ளைக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் போனாய். பிறகு நான் இதை என் இஷ்டத்துக்கு எப்படிப் பாவிப்பது? உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறேன். மழையில் நனைவதில்லை. கிளினிக் நாள் தவறுவதில்லை. அவள் படித்து, தன் காலில் நிற்கும் மட்டும் இதை உடையாமல் கொண்டுபோக வேண்டும்.

காலைக் குளிசை இன்னும் போடவில்லை. அடுப்படியில் ஒழுக்குத் தண்ணீர் நிற்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிறேன்.