அப்பா ரிஜெக்ட் செய்த அரசாணிப் பூக்கள்

சேவூர்

அன்புள்ள பிரியங்கா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே இந்த வெயிலிலும் வாடாமல் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உங்கப்பா பக்கத்தில் நின்று பேச்சை வெட்டிவிடுவார், அதனால்தான் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

போன தடவை வந்தபோது குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் மஞ்சள் பூசணி விதை நட்டுவிட்டுப் போனாயே, அந்த அரசாணிதான் கொடி வீசிக் கூரை ஏறிவிட்டது. கண்ணில் புரை எடுத்த பிறகு செக்கிங் வேலைக்கு வர வேண்டாம் என்று பனியன் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தக் கொடிதான் கம்பெனி. பொங்கலுக்கு நீ வரும்போது உன் கொடிக் காயை உன் கையாலேயே அறுக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடி. ஆனால் பூவாய்ப் பூத்ததே தவிர ஒரு காய் நிற்கவில்லை. பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும். கண்ணும் போச்சு, கைராசியும் போச்சு புள்ள என்பார்.

ஒருநாள் காலையில் பார்த்தால் வாளி நிறைய மஞ்சள் பூ. என்னங்க இது என்றேன். அடியில் குட்டிக்காய் இருந்தா நல்ல பீஸு, வெறும் காம்புல நின்னா டேமேஜு, சத்து வீணாப் போகுமல்ல, அதான் ரிஜெக்ட் பண்ணீட்டேன் என்கிறார்! துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதைச் சாயங்காலமே மொட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் கிள்ளியிருக்கிறார். எனக்கும் குழம்பு வைக்கத் தெரியுமே தவிர இதெல்லாம் எங்கே தெரிந்தது. பக்கத்து வீட்டு பிரிசில்லாதான் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையூட்டுக்காரங்களையெல்லாம் தொரத்திப்போட்டு முகூர்த்தத்துக்கு ஏனுங்கண்ணா காத்துட்டிருக்கறீங்க என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெறும் காம்பில் நிற்பது ஆண் பூவாம். அதன் நடுவில் இருக்கிற மஞ்சள் மாவு தேனீ மேல் ஒட்டிக்கொண்டு போய்ப் பெண் பூவின் நடுவில் சேர்ந்தால்தான் அடியில் இருக்கும் பிஞ்சு காயாகுமாம், இல்லாவிட்டால் வெம்பி விழுந்துவிடுமாம்.

அதன் பிறகு ஸ்டிக்கர் பரண் ஏறிவிட்டது. அடுத்த பெண் பூ விரிந்த அன்று பார்த்து ஒரே தூறல், ஒரு தேனீ கூட வரவில்லை. பொழுது ஏறினால் அந்தப் பூ மூடிக்கொள்ளும், விட்டால் போச்சு. அப்பா குடையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, அந்த மாவைப் பெண் பூவில் மெதுவாகத் தடவினார். கொஞ்சம்கூட இடம் தப்பவில்லை. காய் நின்றுவிட்டது கண்ணு! இப்போது தேங்காய் அளவு இருக்கிறது, பனியன் துணியில் ஊஞ்சல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை என்று எழுதியதும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். நான் பூவைத்தான் சொன்னேன். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வை.

நேற்றுப் பார்த்தால் அந்தக் காயின் மேல் ஒரு சிவப்பு அம்பு. எனக்கு வந்ததே ஆத்திரம், இதையும் ரிஜெக்ட் பண்ணிப்போட்டீங்களா என்று கத்திவிட்டேன். அட, டேமேஜுக்கு இல்ல புள்ள, பொங்கலுக்கு நம்ம பாப்பா வந்தா எலைக்குள்ள தேடாம கண்ணுல படோணுமல்ல, அதுக்குத்தான் ஒட்டுனேன் என்றார்.

அதனால் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிடாதே சாமி. அவிநாசியப்பர் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நீ நன்றாக இருப்பாய்.

உன் வரவுக்கு வழி பார்த்திருக்கும்
அம்மா சித்ரகலா