பவளத்தின் பிள்ளைக்கு ஆயா

9 ஜனவரி 1987

இன்று பவளத்துக்கு வளைகாப்பு. கூட்டம் கலையும்வரை அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். எல்லாரும் போன பிறகு கூப்பிட்டாள்.

"மாரி, லீவு முடிஞ்சா அவ கம்பெனிக்குப் போயிடுவா. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. கொழந்தைய நீதான் பாத்துக்கணும்."

நான் எச்சில் இலைகளை அள்ளத் தொடங்கினேன்.

"பெக்கத்தான் வக்கில்ல. வளக்கவுமா கை வராது?"

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. எட்டு வருஷம் அவருக்கு நான் ஒருத்திதான் பெண்டாட்டி. போன வருஷம், தன்னோடு வேலை செய்கிற சாத்தூர்ப் பெண்ணுக்கு மலைக் கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்தார். அவள்தான் பவளம். அன்றும் நான்தான் சமைத்தேன்.

16 ஜனவரி

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். நாட்றாம்பாளையத்துக்கே, பிறந்த வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றேன்.

"அங்க வந்து என்னா பண்ணுவ? ராத்திரில ஆனை வராம கொல்லைக்குக் காவல் இருப்பியா? அனுசரிச்சுப் போ."

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினான். சரி. இனி எனக்குப் போக இடம் இல்லை.

3 பிப்ரவரி

ஒரு நர்ஸிங்ஹோமில் ஆயாவாக இருக்கிற வெங்கடம்மா அத்தைக்குத் தூரத்துச் சொந்தம். பச்சைக் குழந்தையைத் தூக்கப் பழகட்டும் என்று அத்தை என்னை அவளிடம் அனுப்பினாள். ஒரு குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். நெல்லுமூட்டை தூக்கிய கைதான், எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. குழந்தையின் தாய் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எத்தன பசங்க?" என்றாள்.

எனக்கு முன்னால் வெங்கடம்மா சொல்லிவிட்டாள்: "அதுக்கு ஏது? ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

20 பிப்ரவரி

எழுதவே கூசுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். அத்தை அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி என் கால்மேல் கிடத்தினாள். குளிப்பாட்டிக் காட்டச் சொன்னாள்.

"தண்ணி ஊத்துடி. மொகத்துல படாம ஊத்து. உனக்குப் பொறந்தது இதுதான்னு நெனச்சுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஊற்றினேன் — கல்லுக்குத் தலை துவட்டினேன் — ஏன் எழுந்து போகவில்லை? ஏன்டி மாரி, கால்ல ஆணியா அடிச்சிருந்தாங்க?

பவளம் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் இன்னும் எரிகிறது.

6 மார்ச்

தொட்டிலுக்கும் துண்டுக்கும் பழைய துணி தேடினார்கள். அத்தை என் கூறைச் சேலையை எடுத்துக் கிழித்தாள். நூல் சேலைதான். நல்ல மிருதுவாக இருக்கிறதாம்.

21 மார்ச்

ஆண். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை.

27 மார்ச்

குளிப்பாட்டுகிறேன், சாம்பிராணி போடுகிறேன், மலத்துணி அலசுகிறேன். ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டி முடித்ததும் அத்தை என் காலடி மண்ணை எடுத்து, மிளகாயோடு பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போடுகிறாள். என் எதிரிலேயே. இன்று நெடி வரவில்லை.

"பாத்தியா? கொள்ளிக் கண்ணு" என்றாள் அவரிடம்.

அவர் சோற்றுக்குத் தட்டை நகர்த்தினார்.

18 ஏப்ரல்

அழுதுகொண்டே இருந்தான். பவளம் தூக்கினாள், அத்தை தூக்கினாள், அவரும் தூக்கிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னிடம் கொடுத்தார்கள். தோளில் சாய்த்ததும் அடங்கிவிட்டான்.

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

11 மே

பவளம் வேலைக்குப் போனாள். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

29 மே

கம்பெனி பஸ் வருகிற நேரம் எனக்குப் பழகிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் புட்டிப்பாலைக் கொடுத்துவிடுகிறேன். போதும் என்று தலையைத் திருப்பினாலும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பவளம் ஓடி வந்து கைகால் கழுவி மடியில் போட்டால் வாயே திறப்பதில்லை. கத்துகிறான்.

"பிள்ளை ஏங்க்கா குடிக்க மாட்டேங்கான்?"

"புட்டி ருசி கண்டுகினான்."

வேணும்னேதான் பண்றேனா? ஆமாம். வேணும்னேதான்.

8 ஜூன்

பவளம் அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு நாளாச்சும் பசியோட விட்டுக் குடுங்கக்கா. மாரு கட்டிக்கிட்டு காய்ச்சலா அடிக்கு."

"பச்சக் கொழந்தைய பட்டினி போடச் சொல்றியா?" என்றேன். அத்தை காதில் விழும்படி சத்தமாக.

பவளம் எழுந்து போனாள். எனக்குக் கெடுதல் எதுவும் செய்தவள் இல்லை அவள். ஒரு வளையல் உடைந்தால்கூட அக்கா என்று என்னிடம்தான் வருவாள். தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

19 ஜூன்

இப்போதெல்லாம் அத்தை மண் எடுப்பதில்லை. அவர் சம்பள நாளில் எனக்கும் பூ வாங்கி வருகிறார். என் கையில் இருந்தால்தான் பிள்ளை சும்மா இருக்கிறான்.

சாயங்காலம் பவளம் குளியல் தடுப்புக்குப் பின்னால் நின்று பாலைப் பீய்ச்சிக் கல்லில் விட்டுக்கொண்டிருந்தாள். விம்முவது இங்கே கேட்டது. அத்தை என்னிடம் வந்து, இதுவரை பேசாத குரலில் சொன்னாள்:

"மாரி, செத்த நேரம் அவகிட்ட குடேம்மா."

"தூங்கறான் அத்த" என்றேன்.

அத்தை தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவன் தூங்கவில்லை. கொட்டக் கொட்ட விழித்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.