விளக்கெண்ணெய் ஊற்றிய எஞ்சின்

இன்று மதியம் பட்டறைக்கு வந்த காரின் எண்ணெயை வடித்தேன். கருகிய விளக்கெண்ணெய் வாடை. உன்னைத் திட்டாமல் இருக்க முடியவில்லை, மாப்ள.

நீ டிரைவராக இருந்த மில் முதலாளியின் புதுக் கார்தான்.

அவருடைய பழைய காரை நீ கொண்டுவந்த அன்று, எஞ்சின் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் உதறியது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். ஓடவிட்டபடியே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். மூன்றாவதைக் கழற்றியதும் தட்டல் தணிந்தது.

"மூணாவது ராடு பேரிங் போச்சுடா. இதோட ஓட்டுனா பிஸ்டன் ராடு ஒடஞ்சு எஞ்சின் சுத்தாம இறுகிப் பிடிச்சுக்கும்" என்றேன். நீயும் தலையாட்டினாய்.

உன்னோடு வந்திருந்த முதலாளியின் கணக்குப்பிள்ளை மட்டும் சிரித்தார். "நாளைக்கு ஐயா வீட்டுக் கல்யாணம். சம்மந்தி வீட்டு வாசல்ல வண்டி லொடலொடங்கக் கூடாது, அம்புட்டுத்தேன்." டின்னிலிருந்த விளக்கெண்ணெயைத் தன் கையாலேயே எஞ்சினில் ஊற்றினார். "மனுச வயித்துக்கு ஆகுறது வண்டிக்கு ஆகாதா?"

கெட்டி எண்ணெயில் சத்தம் அடங்கியது. தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் கிடந்தது. அவர்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பணக்காரன் வீட்டுக் கோளாறு வெளியே கேட்கக் கூடாது.

சாவியைத் தர மறுத்தேன். "நான் மாட்டேன்னா நாளைக்கே வேற ஆளுடா. குடு இங்கிட்டு" என்று பிடுங்கிக்கொண்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யாருக்காகடா பிடுங்கினாய்?

மணமக்களைத் திருமயத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினாய். வழியில் ராடு உடைந்தது. எஞ்சின் பிடித்து, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பாலக்கட்டையில் மோதிக் கண்மாய்ச் சரிவில் உருண்டது.

உன் உடல் வீடு வந்து சேருமுன்பே கதை வந்துவிட்டது. "கல்யாண வீட்டுல தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருக்கான்." பதநீருக்கே மூக்கைச் சுளிக்கிறவன் நீ! இரண்டாய்ப் போன ராடை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். கையில் மாலையோடு நின்ற முதலாளி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சாவு வீட்டுல வந்து வண்டியப் பத்தி என்ன பேச்சு?" என்றார். கூடியிருந்தவர்கள் என்னைத்தான் அதட்டினார்கள். உன் மனைவி இன்றும் குடிகாரன் பெண்டாட்டியாகத்தான் கடைத்தெருவில் நடக்கிறாள்.

இன்று வந்த டிரைவர் உன்னைப் போலவே கையைப் பிசைந்தான். "சத்தத்த மட்டும் அமுக்கித் தரச் சொன்னாங்கண்ணே. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்குவாங்களாம்."

சுவரில் மாட்டியிருக்கும் உன் ராடைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஐயா வந்து கேட்டா?" என்றான்.

"வரட்டும். நானே சொல்லிக்கிறேன்."

எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த முறை யார் பிடுங்கினாலும் கொடுப்பதாக இல்லை.